மற்ற மருந்துகளோடு மெக்னீசியம் மாத்திரை: எதை, எப்போது, எவ்வளவு இடைவெளி விட்டு?

என் அம்மா பல ஆண்டுகளாக விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டு வருபவர். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்பதற்காக, உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு, மெக்னீசியம் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கினார். மறந்துவிடக்கூடாதே என்று இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து ஒரே டம்ளர் தண்ணீரில் விழுங்கத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில், தைராய்டு மருந்து உடலுக்குப் போதாதபோது உயரும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு ஏறியிருந்தது. தைராய்டு மாத்திரையின் வீரியத்தைக் கூட்டி எழுத மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார், எழுதுவதற்கு முன் வழக்கமாகக் கேட்பதைப் போல, "புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டதால்தான் கைப்பைக்குள் இருந்த டப்பா வெளியே வந்தது. தைராய்டு மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. மெக்னீசியம் மட்டும் மதிய உணவுக்குப் பிறகு என்று மாறியது. அடுத்த பரிசோதனையில் டிஎஸ்ஹெச் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

மெக்னீசியம் விஷமன்று, சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவருக்கு, அளவோடு எடுத்தால், அது பெரும்பாலும் தொல்லை தருவதும் இல்லை. வயிற்றில் அது எந்த மருந்தோடு சேர்ந்து இருக்கிறது என்பதிலும், உடலை விட்டு அது வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதிலும்தான் சிக்கல் இருக்கிறது. கீழே உள்ள படிகள் அந்த இரண்டையும் சுற்றியே அமைந்தவை. மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளை நீங்கள் அன்றாடம் உட்கொள்பவராக இருந்தால், இவற்றை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

படி 1: மெக்னீசியம் உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள்

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், மீதியில் பெரும்பகுதி தசை முதலிய திசுக்களிலும் இருக்க, இரத்தத்தின் திரவப் பகுதியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. எனவே இரத்தப் பரிசோதனை காட்டும் எண் (பெரும்பாலான ஆய்வகங்களில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1.7 முதல் 2.2 மி.கி. வரை இயல்பு) முழுக் கதையையும் சொல்லிவிடாது. ஆனாலும் அந்த எண்கூட இல்லாமல், இணையத்தில் பார்த்த ஒரு காணொளியை நம்பி மாத்திரை தொடங்குவதைவிட, ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது மேல்.

கெண்டைக்கால் பிடிப்புக்காகத்தான் நம்மில் பலர் இதை வாங்குகிறோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் புதுப்பித்த தொகுப்பு, வயதானவர்களுக்கு வரும் தசைப்பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கே வந்தது. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எனக்குக் குறைந்திருக்கிறதே" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. உங்கள் நோக்கம் பொதுவான ஊட்டம் மட்டுமே என்றால், கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, எள், கீரை ஆகியவற்றிலேயே மெக்னீசியம் தாராளமாக இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 28 கிராம், வறுத்த பூசணி விதையில் ஏறத்தாழ 150 மி.கி. இருக்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு உணவிலிருந்து வரும் மெக்னீசியத்துக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை.

படி 2: சிறுநீரகத்தின் நிலையை அறியாமல் தொடங்காதீர்கள்

எட்டுப் படிகளில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். மிகையாகச் சேரும் மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அந்த வேலை மந்தமாகும்போது, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, இரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறிவிடக்கூடும். முதலில் குமட்டலும், முகம் சிவந்து சூடாவதும், காரணமற்ற அசதியும் தோன்றும். பிறகு இரத்த அழுத்தம் இறங்கும், கை கால் தளரும், நாடித்துடிப்பு குறையும். மிகவும் ஏறிவிட்டால் மூச்சும் இதயமும் நின்றுபோகக்கூடும். வயதானவர்களிடம் இந்த முதல் அறிகுறிகளை, "நேற்று சரியாகத் தூங்கவில்லை" என்று வீட்டார் எளிதில் தள்ளிவிடுவார்கள் என்பதுதான் கவலை.

ஆகவே கடந்த சில மாதங்களுக்குள் எடுத்த கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவையும், அதிலிருந்து கணக்கிடப்படும் இஜிஎஃப்ஆர் எண்ணையும் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டுவது) கையில் வைத்துக்கொள்ளுங்கள். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால், மருத்துவரே எழுதித் தந்து இரத்த அளவையும் கண்காணித்தாலன்றி, மெக்னீசியம் மாத்திரையைத் தொடவே வேண்டாம். மெக்னீசியம் கலந்த பேதி மருந்துக்கும் வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே விதிதான். 30-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், தங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதிக்காமலேயே நம்பிவிடக்கூடாது. தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களும், இதயத் துடிப்புக்கான மின்கடத்தலில் தடை உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது.

படி 3: டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்

முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண், பல டப்பாக்களில் மெக்னீசியம் உப்பின் எடையே தவிர, மெக்னீசியத்தின் எடை அன்று. மெக்னீசியம் ஆக்சைடின் எடையில் சுமார் 60 சதவீதம் மெக்னீசியம். சிட்ரேட்டில் சுமார் 16 சதவீதம். கிளைசினேட்டில் சுமார் 14 சதவீதம். எனவே "1000 மி.கி. கிளைசினேட்" என்று எழுதிய மாத்திரையில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 140 மி.கி. மெக்னீசியம், "400 மி.கி. ஆக்சைடு" என்று எழுதியதில் இருப்பதோ ஏறத்தாழ 240 மி.கி. பின்புறத்து ஊட்டச்சத்து அட்டவணையில் 'தனிம மெக்னீசியம்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத டப்பாவை நான் வாங்குவதில்லை.

மாத்திரை, மருந்து வடிவில் மட்டும் எடுக்கும் மெக்னீசியத்துக்கு அமெரிக்க வல்லுநர் குழு 1997-இல் வகுத்த அன்றாட உச்சவரம்பு 350 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 250 மி.கி. இரண்டுக்கும் அடிப்படை வயிற்றோட்டம்தான். வயிற்றோட்டம் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம்: நாள் முழுவதும் வயிறு போனால் மற்ற மாத்திரைகளும் முழுமையாகச் சேராமல் போகலாம்; கடுமையான வயிற்றோட்டம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கருத்தடை மாத்திரையின் பாதுகாப்பும் குறைந்துவிடும். ஆக்சைடு மலிவு, ஆனால் குறைவாகவே உறிஞ்சப்பட்டு வயிற்றை இளக்கும். சிட்ரேட் அதைவிட நன்றாக உறிஞ்சப்படும், அதுவும் ஓரளவு இளக்கும். கிளைசினேட் வயிற்றுக்கு இதமானது என்பது பலரது அனுபவம். மற்ற மருந்துகளோடு மோதுவதில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டென்று நம்பி இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்தியாவில் இத்தகைய டப்பாக்கள் பெரும்பாலும் மருந்தாக அல்லாமல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட உணவுப்பொருளாகவே விற்கப்படுகின்றன. அதனால்தான் சீட்டு இல்லாமல் கிடைக்கின்றன; கடைக்காரரும் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பதில்லை.

படி 4: ஒளிந்திருக்கும் மெக்னீசியத்தைக் கண்டுபிடியுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் டைஜீன், ஜெலூசில் போன்றவற்றில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. மலச்சிக்கலுக்கான கிரீமாஃபின் வகைகளில் 'மில்க் ஆஃப் மெக்னீசியா' என்ற பெயரில் இருப்பதும் அதுவே. ஐந்து மில்லிலிட்டருக்கு 400 மி.கி. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உள்ள மருந்தில் மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மி.லி., குடித்தால் உள்ளே போவது ஏறக்குறைய 500 மி.கி. மெக்னீசியம். எலும்புக்காக எழுதித் தரப்படும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் மெக்னீசியமும் துத்தநாகமும் சேர்ந்தே வருகின்றன. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த பேதி உப்பு, அதாவது எப்சம் உப்பு, மெக்னீசியம் சல்பேட்டே தவிர வேறில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் புதிய டப்பா தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

படி 5: எந்த மருந்திலிருந்து எவ்வளவு நேரம் தள்ளி என்று குறித்துக்கொள்ளுங்கள்

வயிற்றில் கரையும் மெக்னீசியம் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக மாறுகிறது. சில மருந்துகளின் மூலக்கூறுகள் அதை இறுகப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத கூட்டுப்பொருளாகி, அப்படியே மலத்தோடு போய்விடும். நீங்கள் மருந்தை விழுங்கியிருப்பீர்கள். ஆனால் இரத்தத்தில் சேர்ந்திருக்காது. வயிற்று வலியோ எரிச்சலோ எதுவும் தெரியாது என்பதால், நோய் குணமாகாதபோது மருந்தின் மீதுதான் பழி விழும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் ஆகியவை இப்படிச் சிக்கிக்கொள்ளும் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் அடிக்கடி எழுதப்படுபவையும் இவைதான். சிப்ரோஃப்ளாக்சசினை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். லெவோஃப்ளாக்சசினுக்கும் ஆஃப்லாக்சசினுக்கும் முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும் என்கின்றன அவற்றின் குறிப்பேடுகள். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் வேறு குடும்பம் என்றாலும் இதேபோல் சிக்கிக்கொள்ளும். அதை 2 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுப்பது பாதுகாப்பு. ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் காய்ச்சலில் கிடப்பவர் போட வேண்டுமா என்ன? காலையும் இரவும் எடுக்கும் மருந்தாக இருந்தால் இடையில் கிடைக்கும் நேரமே குறுகியது. உணவுச்சத்தாக மட்டும் எடுக்கும் மெக்னீசியத்தை அந்த ஐந்து அல்லது ஏழு நாட்களுக்கு நிறுத்திவைப்பதே என் வழக்கம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. மருத்துவர் குறைபாட்டுக்காக எழுதித் தந்த மெக்னீசியம் என்றால் மட்டும், அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அமாக்சிசிலினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

தைராய்டுக்கான லெவோதைராக்சினுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் இதே விதி என்பதால், ஊட்டச்சத்து மாத்திரைகள் எவையும் விடியற்காலைப் பக்கமே வரவேண்டாம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இராது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. அன்றைய மெக்னீசியத்தை அதற்குப் பிறகு குறைந்தது 2 மணி நேரம் தள்ளி எடுங்கள்.

நரம்பு வலிக்கான கபாபென்டினை, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தோடு எடுத்தால் அது உறிஞ்சப்படுவது சுமார் 20 சதவீதம் குறைகிறது. எரிச்சல் மருந்தைக் குடித்து 2 மணி நேரம் கழித்துக் கபாபென்டினை எடுக்கலாம். கொழுப்புக்கான ரோசுவாஸ்டாடின் அதே கலவையோடு சேரும்போது இரத்தத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே ஸ்டாடினை விழுங்கி 2 மணி நேரம் கழித்தே எரிச்சல் மருந்தைக் குடியுங்கள். எச்ஐவி சிகிச்சையில் இப்போது முதன்மையாக இருக்கும் டோலுடெக்ராவிரை மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இங்கே தவறினால் கிருமி மீண்டும் பெருகி, மருந்துக்குப் பணியாத நிலைக்கும் போகலாம் என்பதால் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் சொல்லாமல் மெக்னீசியம் தொடங்கவே கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் எடுக்கும் மைக்கோஃபினோலேட்டும் மெக்னீசியத்தால் குறையக்கூடியதே.

குடலில் போய்க் கரையும்படி மேலுறை பூசிய பிசாகோடில் போன்ற மலமிளக்கி மாத்திரைகளை மெக்னீசியம் ஹைட்ராக்சைடு திரவத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்காதீர்கள். வயிற்று அமிலம் தணிவதால் உறை அங்கேயே கரைந்து வயிற்றைப் பிசையும். சர்க்கரைக்கான கிளிப்பிசைடு போன்ற சில மாத்திரைகளை இதே திரவம் வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சச் செய்யும் என்பதால், தாழ்சர்க்கரை வரும் அபாயம் உள்ளவர்கள் அவற்றையும் விலக்கி வையுங்கள். பொட்டாசியத்தைக் குறைக்கக் கொடுக்கும் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் தூளோடு மெக்னீசியம் கலந்த எரிச்சல் மருந்தோ பேதி மருந்தோ அறவே கூடாது. அம்லோடிபின் உறிஞ்சப்படுவதில் மெக்னீசியம் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதையும் செய்வதில்லை.

படி 6: மெக்னீசியத்தை வடிக்கும் மருந்துகளையும் தேக்கும் மருந்துகளையும் பிரித்தறியுங்கள்

நேர இடைவெளியால் தீராத உறவும் ஒன்று உண்டு. நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசிமைடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சிறுநீரில் மெக்னீசியத்தை வெளியேற்றுகின்றன. ஸ்பைரோனோலாக்டோனும் அமிலோரைடும் அதைத் தேக்குகின்றன. எல்லாமே பேச்சுவழக்கில் 'நீர் மாத்திரை' என்பதால், பெயரைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. ஃப்ரூசிமைடோடு டிகாக்சினும் எடுக்கும் இதய நோயாளிக்கு மெக்னீசியம் குறைந்தால், டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நச்சாகி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மருத்துவர்கள் முதலில் தேடுவதும் மெக்னீசியக் குறைவைத்தான்.

பலர் ஆண்டுக்கணக்கில் காலையில் போட்டுக்கொள்ளும் 'கேஸ் மாத்திரை'யையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், எடுப்பவர்களுக்கு இரத்த மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் எச்சரித்தது. அது ஆராய்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை. கேஸ் மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. எனவே நீங்கள் இந்த வகையினராக இருந்தால், மெக்னீசியம் வாங்குவதற்கு முன்பு, "இந்தக் கேஸ் மாத்திரை எனக்கு இன்னும் தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பதே பொருத்தமான முதல் கேள்வி. தானாக நிறுத்தினால் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரந்து படுத்தும்.

படி 7: உங்கள் நாளை ஒரு தாளில் எழுதுங்கள்

அம்மாவின் தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. காலை 5.45-க்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. 6.45-க்குக் காபி. 7.30-க்குக் கேஸ் மாத்திரை. 8 மணிக்கு இட்லி, அதன்பின் இரத்த அழுத்த மாத்திரை. மதியம் 1.30-க்குச் சாப்பாடு முடிந்ததும் மெக்னீசியம். இரவு 9 மணிக்குக் கொழுப்பு மாத்திரை. காலை மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் இடையில் ஏழே முக்கால் மணி நேரம். மெக்னீசியத்துக்கும் இரவு மாத்திரைக்கும் இடையில் ஏழரை மணி நேரம். மெக்னீசியத்தை இரவில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மற்ற மருந்துகளிலிருந்து அதிகம் விலகியிருக்கும் வேளை எதுவோ அதுவே அதற்குரிய வேளை, பெரும்பாலோருக்கு அது மதியமே. உணவோடு எடுத்தால் வயிறும் அதிகம் இளகாது.

இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தால் அதற்கும் மெக்னீசியத்துக்கும் இடையில் 2 மணி நேரம் விடுங்கள்.

படி 8: சிறிதாகத் தொடங்கி, கவனித்துக்கொண்டே இருங்கள்

தனிம மெக்னீசியம் 100 மி.கி. அளவில் தொடங்கி, ஒரு வாரம் வயிறு ஒத்துழைத்தால் மட்டும் கூட்டுவது போதுமானது. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் தொடங்கிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் சற்றே தளர்ந்தவர்கள் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மெக்னீசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை இருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்துகளின் வீரியத்தை மெக்னீசியம் கூட்டக்கூடியது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றியிருக்கும் நாட்களில் சிறுநீரகமும் சுணங்கும் என்பதால், அப்போது மெக்னீசியம் வேண்டாம்.

வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், கை கால் தளர்ச்சி, மயக்கம், மிக மெதுவான நாடித்துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்; டப்பாவையும் மற்ற மாத்திரை அட்டைகளையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மெக்னீசியம்தான் காரணம் என்று தெரிந்தால் இரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் செலுத்துவதும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதும் அங்கே முடியும். என்னவென்று தெரியாமல் தேடும் நேரத்தை அந்த டப்பா மிச்சப்படுத்தும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மதியம் மறந்த மெக்னீசியத்தை இரவுக் கொழுப்பு மாத்திரையோடோ, மறுநாள் விடியற்காலைத் தைராய்டு மாத்திரையோடோ சேர்த்து ஈடுகட்ட வேண்டியதில்லை; மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமான ஒரு மாத்திரை மட்டும் போதும்.